காலி நாற்காலியின் ஓட்டு

டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறு மதியந்தோறும் ஒரு மாகாண அரசு நடக்கும். நிஜ அரசு என்று யாரும் பதறவேண்டாம். வீட்டில் பேச்சு எடுபடாத ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் கற்பனை அரசு. சுவரில் அவர்களே வரைந்த வரைபடம், அதில் அவர்களே ஓடவிட்ட ஆறு. அந்த ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் முதல்வர். நிஜத்தில் கண்ணாடிக்கடைக்காரர்.

பாலத்துக்கு எமனாக வாய்த்தவர் பூட்டுக்கடைக்காரர். முதல்வருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர், சபையில் எதிர்க்கட்சித் தலைவர். ஒவ்வொரு முறை மசோதா வரும்போதும் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு அதன் கழுத்தைத் திருகிவிட்டு உட்காருவார். போன மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்துவிட்டார். மரியாதைக்காக அவர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, பெயரையும் அடிக்கவில்லை.

இன்று முதல்வரின் பதவிக்காலத்தின் கடைசிக் கூட்டம். இன்று விட்டால் பாலம் போச்சு.

அந்த நேரம் பார்த்துப் பூட்டுக்கடைக்காரரின் மகள் மேலே வந்தாள். ஊர் பஸ் ஓட்டுகிறவள். அப்பா நாற்காலியில் போட்டு உட்காரும் குஷனை எடுத்துப்போக வந்திருந்தாள். "ஓட்டு முடியட்டும்மா, சித்த உக்காரு" என்றார் சபாநாயகரான பல் டாக்டர். அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் டாக்டர். நாலு கை எழுந்தது. டாக்டர் பார்வையைச் சுற்றவிட்டார். "எதிர்ப்பு நாலு. ஆதரவு அஞ்சு. மசோதா நிறைவேறுது."

முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மகள். "இங்க எட்டு பேர்தானே இருக்கீங்க?"

டாக்டர் பல்லைக் காட்டாமல் சிரித்தார். "விதிப்படி, கை தூக்காதவங்க எல்லாரும் ஆதரவு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேர் அசந்துடுவாங்கம்மா. அவங்களை எழுப்பி எழுப்பி எனக்குத் தொண்டை போச்சு. அதனால இப்படி ஒரு விதி."

"சரி, அந்த ஒன்பதாவது ஆள்?"

எல்லாரும் ஒன்றுபோல வரைபடத்தை ஆராய ஆரம்பித்தார்கள்.

"உறுப்பினரே கையெழுத்துப் போட்டு விலகினாத்தான் இடம் காலின்னு விதி" என்றார் டாக்டர். குரல் இறங்கிவிட்டது. "உங்கப்பா விலகல."

"அவருக்கு அதுக்கு நேரமில்ல, டாக்டர்."

ஒருத்தர் இருமினார். அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவள் நேராக முதல்வரைப் பார்த்தாள். "மாமா, இந்தப் பாலத்தை அப்பா எத்தனை வருஷமா எதிர்த்தாரு? வீட்டுல சாப்பிடும்போதுகூட இதே பேச்சுதான். நீங்க ஜெயிங்க, நான் வேணாம்னு சொல்லல. அவரைத் தோக்கடிச்சு ஜெயிங்க. ஆதரவுல சேத்துக்கிட்டு ஜெயிக்காதீங்க."

முதல்வருக்குச் சுருக்கென்றது. சட்டென்று விட்டுக்கொடுத்தார் என்று சொன்னால் அது பொய். விதி விதிதானே என்று ஒரு மனசு வக்காலத்து வாங்கியது. ஆசைப்பட்ட பாலம், கைக்கு எட்டிவிட்ட பாலம். ஆனால் அந்தக் குஷனைப் பார்க்கப் பார்க்க, அதன்மேல் இருந்தவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு "முதல்வரே" என்று இழுப்பது காதில் விழுந்தது. இந்த ஒரு மாதமாகத் தன்னோடு யாருமே சண்டை போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"டாக்டர், ஓட்டெடுப்பைத் திரும்ப வையுங்க" என்றார். "அதுக்கு முன்னால எதிர்க்கட்சி பேசணும். விவாதமில்லாம ஓட்டெடுப்பு கிடையாதுன்னும் விதியிருக்கு."

"எதிர்க்கட்சி சார்பா யாரு பேசறது?"

"நான்தான். அவர் பேச்சு எனக்கு மனப்பாடம்."

காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதலில் குரல் தடுமாறியது. பிறகு சூடு பிடித்துவிட்டது.

"இந்த ஆத்தை வரைஞ்சது யாரு? முதல்வர்தான். பேனாவுல நீல மை மிச்சமிருந்துச்சு, வரைஞ்சுட்டாரு. இப்ப அதைத் தாண்டணும்னா பாலம் வேணுமாம். பாலத்துக்குக் காசில்லன்னா வரியாம். பள்ளிக்கூடக் கூரைக்குக் கேட்டா கஜானா காலி, இவர் மைக்குச் செலவழிக்க மட்டும் கஜானா நிறையும். என்னைக் கேட்டா, ஆத்தை அழிச்சிடுங்க. ஒரு ரப்பர்தான் செலவு."

அறை குலுங்கிச் சிரித்தது. அசந்திருந்த டயர்கடைக்காரர் விழித்துக்கொண்டு, என்ன பேச்சென்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். முதல்வர் நிறுத்துவதாக இல்லை. பாலம் வந்தால் யார் யார் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போவார்கள், அங்கே போய் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. பதில் சொல்லவேண்டியவரே அவர்தான்.

டாக்டர் மறுபடி ஓட்டுக்கு விட்டார். இந்த முறை எதிர்த்துக் கைகள் மளமளவென்று எழுந்தன. முதல்வரின் சொந்தக் கட்சிக்காரர்களும் தூக்கினார்கள். டயர்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கச் சொல்லி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தூக்காதது முதல்வரின் கை மட்டும்தான். காலி நாற்காலியை இந்தத் தடவை டாக்டர் எந்தப் பக்கமும் எண்ணவில்லை.

மசோதா தோற்றது. இதற்குமுன் எப்போதும் இவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குஷனை எடுத்தாள். "அப்பா இவ்வளவு நல்லாவா மாமா பேசுவாரு?"

"இதைவிட நல்லாப் பேசுவாரு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இல்லாட்டி நான் எப்பவோ பாலம் கட்டியிருப்பேனே."