ஆறாவது துண்டில் விழுந்த ஓட்டை

1.
இந்தக் கதை எனக்குக் கொட்டகலை பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் ஒரு தீப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஓட்டை விழுந்த எவர்சில்வர் துண்டை முறைத்துக்கொண்டிருந்தாள். பேர் கேட்கக் கூச்சமாக இருந்ததால் பூரணி என்று நானே வைத்துவிட்டேன். மீதியும் என் கைச்சரக்குதான்.

2.
முதல் வரி: ‘எழுநூறு பாகை வெப்பத்தில், உருகிய உப்புக்குள் கிடந்த எஃகு அழுதது.’ (எஃகு அழாது. அடித்துவிட்டேன்.)

உருகிய உப்பு எவர்சில்வரை எப்படி அரிக்கிறது என்பது பூரணியின் பல்கலைக்கழக ஆய்வு. உப்பில் ஈரம் இருந்தால் போச்சு. எவர்சில்வரைக் காக்கிற குரோமியத்தை உருவி எடுத்துவிடும். ஐந்து துண்டுகள் சொன்ன பேச்சுக் கேட்டன. ஆறாவதில் ஓட்டை.

3.
காரணம் அவளுக்குத் தெரியும். ஆறாவது துண்டுக்கான உப்பைப் பெருமையடிக்கத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அப்பா சின்னராசா, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர். வாடிய கொழுந்தைக் கையில் இறுக்கிப் பார்த்தே பதம் சொல்வார். மகள் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் உப்புப் போத்தலைத் திறந்து, உப்பையும் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்த்து, திரும்பப் போட்டார்.

“இன்னும் காயல புள்ள.”

“காஞ்சுதாம்பா இருந்துச்சு. உங்க கை ஈரம் பட்டுத்தான் இப்பக் காயல.”

ஒரு பிடி ஈரம் என்ன செய்துவிடும் என்று அவளும் அதையே உலையில் வைத்தாள். (இதை நானே நம்பவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த படித்தவர்களை நினைத்துப் பார்த்தேன், நம்பிவிட்டேன்.)

4.
உண்மையை எழுதினால் பேராசிரியர் ஆறையும் மறுபடி செய்யச் சொல்வார். ஆறு மாதம் போகும், காத்திருக்கும் விரிவுரையாளர் வேலையும் போகும். ‘உப்பிலேயே குறைபாடு’ என்று எழுதினால் அடுத்த மாதமே ஆய்வேட்டை ஒப்படைக்கலாம். நான் பொய்க்குத்தான் வாக்களித்தேன். கதையும் சீக்கிரம் முடியும்.

வீட்டு மேசையில் அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தாள்: ‘இந்த உப்பு சிறிது நேரம்…’ (நிறுத்தினாள். நானும்.)

அப்பா வந்து என்ன என்றார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கூனிக் குறுகி அழுவதாக நான் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். மனுஷன் அதைச் சீந்தவே இல்லை.

“எவர்சில்வர்லயே ஓட்ட போட்டது என் கையா?”

“ஆமாப்பா.”

“அப்ப என் பேரப் போடு. முழுப் பேரா.”

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. பாவி மனுஷன்.

5.
மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். அந்த அடிக்குறிப்பை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பொய்தான் வேண்டுமென்றால் தாராளமாக எழுதலாம். ஆனால் சின்னராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பேர் வருகிறதா என்று உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.