ஆறாவது டேங்க்

என் ஐடிஐ சர்ட்டிபிகேட் பன்னிரண்டு வருடமாக முதலாளியின் பீரோவுக்குள் கிடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரிஜினலை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, புத்தியும்தான்.

இப்போது மூலனூரில் புதிதாக வந்திருக்கும் ஒரு நிட்டிங் கம்பெனியில் எனக்கு மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோடு வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி விஜயராணியும் மகள் அனுப்ரியாவும் மூலனூரில்தான் இருக்கிறார்கள். நான் மட்டும் இங்கே மண்ணரையில், கம்பெனி ரூமில், மூட்டைப்பூச்சிகளோடு. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தகப்பன். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

சனிக்கிழமை காலையில் போய்க் கேட்டேன். என் முதலாளி அருள்செல்வன் இதுவரை யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. சொன்னாலாவது சண்டை போடலாம். தேனொழுகப் பேசுகிற மனுசனிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

"அதுக்கென்னங்க செந்தில்வேலு, தாராளமா எடுத்துட்டுப் போங்க. இதைய மட்டும் கொஞ்சம் பழக்கி உட்டுட்டீங்கன்னா, சாயங்காலம் சர்ட்டிபிகேட் உங்க கையில இருக்குமுங்க" என்று ஒரு பெட்டியை நீட்டினார்.

உள்ளே ஒரு குட்டி இஞ்சின், உள்ளங்கையில் அடங்கும். அவருக்கு ரிமோட் படகுப் பைத்தியம். புது நைட்ரோ இஞ்சினை எடுத்தவுடன் தண்ணீரில் விரட்டக் கூடாதாம். பெஞ்சில் மாட்டி ஆறு டேங்க் ஓட்ட வேண்டும். எரிபொருளை விடுகிற ஊசியைத் தளர்த்தியே வைத்து, புகையும் ஆயிலுமாக மெதுவாக ஓட விட வேண்டும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் ஆற வைக்க வேண்டும்.

"ஆயில் துப்புமுங்க. துப்பட்டும், உட்டுருங்க. ஊசியை மட்டும் இறுக்கீராதீங்க. உள்ளுக்குள்ள காஞ்சு, இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் சுத்தாது" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கே பாடமா என்று கோபம்தான் வந்தது.

கம்பெனிக்குப் பின்னால் தகர ஷெட். ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. கடைசி மூலையில் பெஞ்சைப் போட்டு இஞ்சினை அதில் போல்ட் போட்டு முறுக்கினேன். இஞ்சின் தலை சூடேறாமல் இருக்க, உயரத்தில் வைத்த பக்கெட்டிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் விட்டேன். கயிற்றை இழுத்ததும் கத்தத் தொடங்கியது பாருங்கள், காது கிழிந்துவிட்டது. ஷெட் முழுக்க, எரிபொருளில் கலந்திருக்கும் ஆமணக்கெண்ணெயின் வாசம். சைலன்சர் வழியாக ஆயில் துப்பித் துப்பி என் சட்டை, முகம், மீசை எல்லாம் பிசுபிசுத்தன.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. நிட்டிங் மிஷினில் ஒரு சொட்டு ஆயில் துணியில் இறங்கினால் போதும், லாட்டே ரிஜெக்ட். பன்னிரண்டு வருடமாக எங்கே ஆயில் கசிந்தாலும் ஓடிப்போய் இறுக்கியவன் நான். நாலாவது டேங்க்கில் என் வலது கையை நானே இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது ஆறிக்கொண்டிருந்தபோது விஜயராணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வாங்கிட்டீங்களா?"

"இன்னும் ஒரே டேங்க்தான் விஜயா. அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஏறிருவேன்."

"பாப்பா இப்பவே உங்க சட்டை மாட்டச் சுவத்துல ஆணியடிக்கச் சொல்லி நிக்குறாளுங்க" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்த ஷெட்டில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறாவது டேங்க் பாதி ஓடியிருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ப்ளீச்சிங் பட்டறையிலிருந்து துணி ஏற்றி வந்த வண்டியை அவசரமாக ஷெட் வாசலில் நிறுத்தி, இரண்டு பீகார்ப் பையன்கள் துணி ரோல்களை உள்ளே கொண்டுவந்து அடுக்கினார்கள். அத்தனையும் வெள்ளை. கவர் வேறு கிழிந்திருந்தது. "இதர் மத் ரக்கோ!" இங்கே வைக்காதீங்க என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சைலன்சர் நேராக வெள்ளைத் துணியைப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்கலாம். எரிபொருள் குழாயைக் கிள்ளியிருந்தால் நின்றிருக்கும். அதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது என் கை என்னைக் கேட்கவில்லை. போய் ஊசியை இறுக்கிவிட்டது.

புகை அடங்கியது. ஆயில் நின்றது. இஞ்சின் கணீரென்று பாடியது. அட, என்ன சுத்தமான ஓட்டம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன், படுபாவி. பத்து எண்ணுவதற்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். கயிற்றை இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்.

முதலாளி குடையோடு வந்தார். இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துணிப் பக்கம் திரும்பி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ரோலாகத் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக்கூடப் படலீங்க!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சின் போனாப் போகுதுங்க. இன்னொண்ணு சொல்லிட்டா ரெண்டு மாசத்துல வந்துரும். ஆனா துணியை இப்படிக் காப்பாத்துற ஆளை நான் எப்படிங்க வெளியே உடுறது?"

"சர்ட்டிபிகேட்டைக் குடுத்துருங்க. திங்கக்கிழமை நான் அங்க போயாவணுமுங்க" என்றேன். குரல் எனக்கே பிச்சை கேட்பது மாதிரி இருந்தது.

"குடுக்காம எங்கீங்க போறேன்? புது இஞ்சின் வரட்டும், அதையும் உங்க கையால பழக்கிக் குடுத்துட்டு வாங்கிக்கங்க." தோளில் தட்டினார். "ஆயில்ல நனைஞ்சுட்டீங்க பாருங்க. டீ சொல்லட்டுங்களா?"

அவர் போன பிறகு பெஞ்ச் மேலிருந்த போன் அடித்தது. விஜயராணி. எடுக்கக் கையை நீட்டினேன். கையெல்லாம் ஆயில், பக்கத்திலேயே வெள்ளைத் துணி. நாலடி தள்ளிப் போய் நின்று, கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன்.

துடைத்து முடிப்பதற்குள் போன் நின்றுவிட்டது.