எஃபியைத் தேடும் விளையாட்டு

"யாரு எஃபியா இருக்கப் போறது?" என்று மெர்வ் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே ஒரே குரலில் "நெரிடா!" என்று கத்தியது.

நெரிடா தன் காதையே நம்பவில்லை. வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள் அவள். அப்பாவுக்கு ஆட்டுத்தோலுக்கு உப்புப் போடும் கிடங்கில் வேலை. அது போதாதா அந்தப் பிள்ளைகளுக்கு? வந்த வாரமே "தோல்மண்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகாமுக்கு வந்த பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் பைதான் உட்கார்ந்து வந்தது. நேற்றுச் சாம்பலில் ரொட்டி சுட்டபோது அவள் பிசைந்த மாவை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. அப்படிப்பட்டவள் பெயரை இத்தனை வாய்கள் சேர்ந்து சொன்னால் எப்படி இருக்கும்! காது மடல்வரை சிவந்துபோனாள்.

"நீயே போடீ, நெரிடா. உனக்குத்தான் பொருத்தமா இருக்கும்" என்றாள் ஜசின்டா. வகுப்பின் ராணி அவள். அவள் தும்மினால் மற்ற பெண்களும் தும்முவார்கள். நெரிடாவின் குல்லாவை எடுத்துவிட்டு, தன் வெள்ளைத் தலைக்குல்லாவைக் கழற்றி அவளே நெரிடாவின் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே முடிச்சும் போட்டுவிட்டாள்.

ஆஸ்திரேலியாவின் விம்மெரா வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இந்த முகாமுக்கு வராமல் தப்ப முடியாது. பழைய ஆட்டுப் பண்ணை. பெண்களுக்குக் குல்லாவும் மேலங்கியும், பையன்களுக்குக் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. தண்ணீர் சுமப்பார்கள், விறகு பிளப்பார்கள், முன்னோர்கள் பட்ட பாட்டை இரண்டே நாளில் பட்டுவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறுவார்கள். கடைசி நாள் காலையில்தான் இந்த விளையாட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால், மேயப்போன மாட்டை ஓட்டிவரப் புறப்பட்டு, முட்புதர்க் காட்டில் தொலைந்துபோன, அங்கே குடியேறிய ஒரு வீட்டுச் சிறுபெண் எஃபி. ஒரு பிள்ளை எஃபியாகப் போய் ஒளிந்துகொள்ளும். மற்றவர்கள் வரிசைகட்டிக் கூவிக்கொண்டே தேட வேண்டும்.

முகாமை நடத்தும் மெர்வ் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பாப்பா, நல்லாக் கேட்டுக்க. வேலியத் தாண்டாத. தொலைஞ்சு போனா நடக்கவே கூடாது, ஒரே எடத்துல உக்காந்துடணும். அவங்க எவ்வளவு கூவுனாலும் பதில் குடுக்காத. தோள்ல ஒரு கை விழுற வரைக்கும் எழுந்திருக்காத. கண்டுபுடிச்சாச்சுன்னா இங்க தொங்குற இந்த இரும்புக் கலப்பைத் தட்டுல மூணு அடி அடிப்போம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள். ஓடினாள்.

ஒரு கருவேலப் புதருக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கூவல் கிளம்பியது. "கூஊஊ-ஈ! எஃபீஈ!" முப்பது தொண்டை! எல்லாம் அவளுக்காக. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் கை முதலில் தோளில் விழும்? ஜசின்டாவின் கையாக இருக்க வேண்டும், கடவுளே, அவள் கையாகவே இருக்கட்டும். அப்புறம் ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காரச் சொல்வாள். சொல்லாமலா இருப்பாள்?

கூவல் நெருங்கி வந்தது. ஜசின்டாவின் குரல் தெளிவாகவே கேட்டது: "இங்க இல்லடா, ஓடைப் பக்கம் போங்க எல்லாரும்!" காலடிகள் விலகின. கட்டெறும்பு ஒன்று கணுக்காலில் கடித்தது. உயிர் போகிற வலி. அசையவில்லை.

பிறகு, டங், டங், டங்.

கண்டுபிடித்துவிட்டார்கள். யாரை?

அவள் தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். கை எதுவும் இல்லை. தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு எஃபியையும் அனுப்பியிருப்பார்களோ என்றுகூட நினைத்தாள், பாவம். எறும்புகள் கூட்டமாக வந்தன. ஒரு கூவலும் இல்லை. வெயில் புதருக்குள் இறங்கி, குல்லாவுக்குள் தலை வெந்தது. அழுகை வந்தது, அடக்கினாள். மறுபடி வந்தது, அடக்க முடியவில்லை. கடைசியில் எழுந்து நடந்தாள்.

முகாமில் எல்லாரும் எஃபியின் நினைவுக் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெர்வ் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி எந்த இடத்தில் குரலை உடைக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துபடி. "ஊரே திரண்டுச்சு பிள்ளைங்களா. ஏரைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாங்க. வேத்தாள் வீட்டுப் பிள்ளைன்னு ஒருத்தன் நெனைக்கல. நம்ம ஆளுங்க யாரையும் காட்டுல விட்டுட்டு வரமாட்டாங்க." பெண்கள் விசும்பினார்கள். ஜசின்டா மேலங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிஜமான கண்ணீர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு பையன்தான் முதலில் பார்த்தான். "ஐயய்யோ, தோல்மண்டி!"

ஆசிரியர் ஹாலரன் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஜசின்டா, இவ வந்துட்டான்னு நீதான சொன்ன? கக்கூசுக்குப் போயிருக்கான்னு சொன்ன?"

"யாரோ குல்லாவோட போனாங்க சார். இவதான்னு நெனச்சேன்." ஜசின்டாவின் கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. பின்னால் இரண்டு பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

ஹாலரனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. பிள்ளைகளை எண்ணிப் பார்க்காமல் தட்டை அடிக்கச் சொன்னது தான்தான் என்பதும் தெரிந்தது. தலைமையாசிரியர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தவர், கோபத்தை எங்கே இறக்கிவைக்கலாம் என்று பார்த்தார். எதிரிலேயே ஆள் நின்றது.

"உன்ன யாரு எழுந்து வரச் சொன்னது?"

"தட்டு அடிச்சாங்க சார்..."

"தோள்ல கை வச்சாங்களா? வைக்கல இல்ல? அப்புறம் ஏன் வந்த? ஒரு சின்ன விஷயம் சொன்னா கேக்கத் தெரியாதா உனக்கு? எல்லாரோட விளையாட்டையும் கெடுத்துட்டியே!"

"ஆமா சார், எங்க எல்லாருக்கும் கெடுத்துட்டா" என்றது ஒரு குரல். வகுப்பு முணுமுணுத்தது. அவள் கணுக்கால்கள் வீங்கிப் புடைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"சரி, போனது போகட்டும்." ஹாலரன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "பள்ளிக்கூட மலருக்குப் படம் வேணும். எஃபி கிடைச்ச படம் இல்லாம எப்படி? நெரிடா, அதே எடத்துல போய் உக்காரு. இந்தத் தடவை ஒழுங்கா எல்லாரும் வருவாங்க."

மெர்வைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனாள்.

எறும்புகளைத் தள்ளிவிட்டு அதே புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இனி என்ன வேண்டிக்கிடக்கிறது? எல்லாம் தெரிந்துவிட்டது. வரவே வேண்டாம், செத்துத் தொலையட்டும் எல்லாரும் என்று நினைத்தாள். அப்போது "கூஊஊ-ஈ!" என்று முப்பது தொண்டையும் கூவின. அந்தச் சனியன் பிடித்த மனசு எழுந்து நின்றது. வருகிறார்கள். நேராக என்னை நோக்கித்தான் வருகிறார்கள்.

ஜசின்டா முதலில் ஓடிவந்து மண்டியிட்டாள். தோளில் கை வைத்தாள். கட்டிக்கொண்டு, "கிடைச்சுட்டா! எஃபி கிடைச்சுட்டா!" என்று கத்தினாள். கேமரா கிளிக் என்றது. "பிரமாதம்! இன்னொண்ணு!" என்றார் ஹாலரன்.

இன்னொன்றும் எடுத்தாயிற்று. ஜசின்டா கையை எடுத்துக்கொண்டாள். "போதும்டீ, படம் எடுத்தாச்சு."

நெரிடா விடவில்லை. அவள் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"சார், விடமாட்டேங்கிறா சார்! யாராவது வந்து பிச்செடுங்க!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இரண்டு பையன்கள் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.