டோனட் வாங்காதவன்

டாக்டர் ஓஸ்ட்ராண்டரின் நாற்காலிக்குள் வெண்டல் ப்ரோகாப்பின் உடம்பு அடங்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தில், பந்து வீசுகிறவன் மேல் எதிராளி பாயாதபடி பதினோரு வருடம் தடுப்பு வரிசையில் சுவராக நின்ற உடம்பு. அந்தப் பதினோரு வருடத்தில் ஒலிபெருக்கியில் அவன் பெயர் வந்ததெல்லாம் அவன் தப்புச் செய்தபோதுதான்.

சற்று முன் டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, கால் மணி நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. இப்போது அணியிலிருந்து வந்த பழைய கோப்பைப் பிரித்தார்.

"இது உங்களுக்கு இருபத்துநாலு வயசுல, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட். அப்பவும் அஞ்சுல பூஜ்யம். இன்னிக்கும் பூஜ்யம். ஞாபகம் கொறஞ்சிருக்குன்னு நான் எப்படி எழுதறது?"

"அடுப்பைப் பத்த வெச்சிட்டு காரை எடுத்துட்டுப் போயிடறாரு," என்றாள் மனைவி மார்லா. "பொண்ணு போன் பண்ணா யாருன்னு கேக்கறாரு. இதுக்கு ஒரு பேர் இருக்கணுமில்ல, டாக்டர்?"

அந்தப் பெயரை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஒமாஹா மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்வார்கள்.

வெண்டல் தன் கைகளைப் பார்த்தான். இரண்டு விரல்கள் வெவ்வேறு திசையில் வளைந்திருந்தன. வரிசையின் நடுவில் நின்ற டாபின்ஸ் அந்த டெஸ்டுக்கு முன் உடை மாற்றும் அறையில் சொன்னது காதில் கேட்டது.

"டேய் புதுசு, அந்தப் பரீட்சையில மக்கு மாதிரி இரு. இன்னிக்கு நல்லா பதில் சொன்னா, நாளைக்கு மண்டையில அடிபட்டதும் மார்க் கொறையும். உடனே உக்கார வெச்சிடுவானுங்க. உன் எடத்துக்கு வெளில ஒருத்தன் நிக்கறான்."

"நான் நடிக்கவே வேணாம்ணே," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வருடா வருடம் அதிக மார்க் எடுத்தவன் வரிசை முழுவதுக்கும் டோனட் வாங்க வேண்டும் என்பது வழக்கம். வெண்டல் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

"அந்தப் பழைய டெஸ்ட்ல நான் வேணும்னே தப்பா சொன்னேன்," என்றான் டாக்டரிடம்.

மார்லா திரும்பவில்லை. மடியிலிருந்த கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரி," என்றார் டாக்டர். "இன்னிக்கு?"

"இன்னிக்கு இல்ல."

"அதை நான் எதை வெச்சு நம்பறது, வெண்டல்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

"சேணம். எலுமிச்சை. ஏணி. பித்தளை. நதி."

"இன்னிக்கு நான் சொன்னது இதெல்லாம் இல்லையே."

"அன்னிக்குச் சொன்னது. வாய் தவறி ஒண்ணுகூட வந்துடக் கூடாதுன்னு உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

டாக்டர் பழைய தாளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். ஐந்தும் இருந்தன. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு மார்க் போட என் படிவத்துல எடம் இல்ல. நான் பார்த்ததைக் கீழ குறிப்பா எழுதறேன். அங்க ஏத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

திரும்பும்போது மார்லா வண்டி ஓட்டினாள். இருபது மைலுக்கு இருபுறமும் மக்காச்சோளம்தான்.

"தலை வலிக்குதான்னு நான் கேட்டப்பல்லாம் இல்லேன்னியே. அதுவும் அப்படித்தானா?"

"ஆமா."

அவள் எதிரே பார்த்தபடியே ஓட்டினாள். ஒரு தானியக் கிடங்கு வந்தது, கடந்து போனது.

"இன்னிக்கு டாக்டர் சொன்னதுல ஒண்ணாவது வருதா? யோசிச்சுப் பாரு. என்கிட்ட சொல்லு, போதும்."

வெண்டல் யோசித்தான். சேணம் வந்தது. ஏணி வந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு அதற்குப் பின்னால் தேடினான்.

"மார்லா," என்றான், "அவர் எத்தனை சொன்னாரு?"