எட்டுச் சாம்பலும் பதினாறு சாம்பலும்

ஸெனோன் எட்டு மாதமாகக் கணினி வாங்கிக்கொண்டிருந்தான். கணினிதான் வந்தபாடில்லை; ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருந்தது.

முப்பது வருடம் நிலம் அளந்தவன். பிப்ரவரியில் இதயம் ஒருமுறை மக்கர் செய்ததும், இனி வயல்வெளியில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அளக்க நிலம் இல்லாதவன் சமையலறையை அளந்தான். உப்பு ஜாடி அலமாரி விளிம்பிலிருந்து எத்தனை விரல் தள்ளி இருக்கவேண்டும் என்று அவன் சொன்ன அன்றைக்குத்தான், துணி துவைக்கும் இயந்திரத்துக்குச் சேர்த்த பணத்தை அவன் ஆசைப்பட்ட கணினிக்கு விட்டுக்கொடுத்தாள் அவன் மனைவி போக்னா. அக்டோபர் கடைசி ஞாயிறு வரைதான் கெடு. அதற்குள் வாங்காவிட்டால் பணம் துணி இயந்திரத்துக்கே.

கெடு வைத்தாளே தவிர, அவளுடைய பயம் துணியைப் பற்றியது அல்ல. வாங்காமலே ஆராய்ந்து ஆராய்ந்து, ஒருநாள் பென்சிலும் கையுமாகப் போய்ச்சேர்ந்துவிடுவானோ என்பதுதான்.

அந்தக் கடைசி ஞாயிறும் வந்தது. வார்ஸாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாராவாரம் கணினிச் சந்தை கூடும். அடுத்தவன் தொலைக்காட்சியில் சோதித்துப் பார்ப்பதில் ஸெனோனுக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை வண்டியை இரவல் வாங்கி, சொந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி அதில் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலில் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள்.

“குழந்தைக்கு எத்தனை மாசம்?”

“பத்து வருஷம் ஆகுதுங்க,” என்றாள் போக்னா. “இன்னும் தட்டினாத்தான் பேசும்.”

ஸ்வாவெக் என்ற இளைஞன் மேற்கு பெர்லினிலிருந்து கொண்டுவந்த இரண்டு கணினிகளை மேசையில் வைத்திருந்தான். ஒன்றுக்கு நாற்பத்தெட்டு கிலோபைட் நினைவகம், ரப்பர் விசைகள், எட்டு நிறம். நிரல்களை ஏற்ற வீட்டில் இருக்கும் டேப் ரிக்கார்டரே அதற்குப் போதும். மற்றதற்கு அறுபத்து நான்கு கிலோபைட், தட்டச்சுப் பொறி மாதிரி விசைகள், பதினாறு நிறம். ஆனால் அதற்கென்று தனி ரிக்கார்டர் வாங்கவேண்டும். பணம் அதுவரை எட்டாது.

ஸெனோன் நோட்டைப் பிரித்தான். நாற்பத்தொரு கேள்விகள்.

“மெதுவாக் கேளுங்க ஐயா,” என்றான் ஸ்வாவெக். “நான் திரும்ப பெர்லின் போறதுக்குள்ள முடிஞ்சாப் போதும்.”

எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு; வரிசையைக் கண்டால் நிற்பது ஊர்ப் பழக்கம். பன்னிரண்டாவது கேள்விக்குள் அவர்கள் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது.

“என்ன குடுக்கறாங்க?” என்றது ஒரு குரல்.

“தெரியல. முன்னாடி நிக்கிறவர் இவ்வளவு நேரம் விசாரிக்கிறார்னா சரக்கு நல்லதாத்தான் இருக்கணும்.”

இருபதாவது கேள்வியில் ஒரு மீசைக்காரர் தாளும் பேனாவும் எடுத்து, யாரும் கேட்காமலே வரிசைப் பட்டியல் எழுதத் தொடங்கினார். பட்டியல் என்றால் சட்டம். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

நாற்பதாவது கேள்விக்கு ஸ்வாவெக் இரண்டு கணினிகளையும் மாற்றி மாற்றி ஸெனோனின் பெட்டியில் இணைத்து நிறப்பட்டைகளைக் காட்டினான். முதலில் எட்டுப் பட்டை. பிறகு பதினாறு. ஸெனோன் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்தான்.

“பதினாறு பதினாறுதான்,” என்று பெருமூச்சு விட்டான். “என்ன ஒரு நயம்!”

“ஸெனோன்,” என்றாள் போக்னா. “நம்ம டிவி கறுப்பு வெள்ளை.”

ஸெனோன் நோட்டை முதலிலிருந்து புரட்டினான். நாற்பத்தொன்றில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

“மனசை விடாதீங்க,” என்றார் மீசைக்காரர். “என்கிட்ட கலர் டிவியே இருக்கு. ருஷ்ய டிவி. மேற்கத்தி மெஷினை மாட்டினா அதுலயும் சாம்பல்தான்.”

“அப்ப நிறத்துக்குப் போட்ட மார்க்கை எல்லாம் எடுத்துட்டுத் திரும்பக் கூட்டிப் பாக்கணும்,” என்றான் ஸெனோன். “ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரமா!” வரிசை கொதித்தது. “வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா நகரு!”

மீசைக்காரர் தாளை உயர்த்தினார். “முதல் நம்பர்! இருக்காரா, இல்லையா? அடிக்கப் போறேன்.”

ஸெனோன் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“இருக்காரு!” என்று போக்னா கத்திய கத்தலில் வரிசையே ஓரடி பின்வாங்கியது. பணம் இருந்த உறையை மேசையில் போட்டாள். “அந்த ரப்பர் வச்சது. எட்டுச் சாம்பல் எங்களுக்குத் தாராளம்.”

ஸ்வாவெக் கணினியைக் கட்டத் தொடங்கினான்.

“நாற்பத்தொண்ணாவது கேள்வி பாக்கி இருக்கு,” என்றான் ஸெனோன் மெல்ல. “எத்தனை வருஷம் உழைக்கும்?”

“உங்களுக்கு மேல உழைக்கும் ஐயா!”

ஸெனோன் அதைச் சிரத்தையாக நோட்டில் குறித்துக்கொண்டான். போக்னா அவன் மேலங்கியின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு சமையலறையை யாரும் அளக்கவில்லை. உப்பு ஜாடி இஷ்டப்பட்ட இடத்தில் இருந்தது. திரையில் சாம்பல் நிற வயல்கள் விரிந்தன. ஸெனோன் பகல் முழுக்க உட்கார்ந்து அவற்றை அளந்தான், திட்டினான், பசிக்கிறது என்றான்.

ஸ்வாவெக் பொய் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து, அளக்க ஆளில்லாத வீட்டில் போக்னா அதைத் துணி போட்டு மூடியபோது எல்லா விசைகளும் நன்றாகவே வேலை செய்தன, ஒன்றைத் தவிர. அதில் பிளம் ஜாம் ஒட்டியிருந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பாள், சாப்பிட்டுக்கொண்டே தட்டாதே என்று.