சாமான் அறைக் கதவு

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை அவள் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். பார்வை மங்கி வருகிறவர்கள் ஒரு வகை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படிக்கும். இரண்டாவது வகை, உட்காருவதற்கு முன்பே மேசையை மூன்று முறை தட்டும்.

டொக், டொக், டொக். “யாராச்சும் இருக்கீங்களா?”

இன்று தட்டியவர் வங்கியில் வேலை பார்ப்பவர். நரைத்த மீசைக்குக் கீழே வாய் முழுக்கச் சிரிப்பு. “குண்டூசிதானே நீங்க? எங்க வீட்டுல பாத்ரூம் கதவைக்கூட இப்படித்தாங்க தட்டுவோம்!”

அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். சிரித்தால் இன்னொரு முறை தட்டுவார்கள். அவர் தட்டினார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ‘ஒன்பது சாவி’ என்றொரு நகைச்சுவைத் தொடர் வந்தது. இருநூறு பேரை எதிரே உட்கார வைத்து மேடையில் எடுத்தது. ஒரு வீடு, ஒன்பது அறை, ஒன்பது சாவி. வாரா வாரம் ஏதாவது ஒரு சாவி தொலையும், வீடு இரண்டுபடும். அந்த வீட்டின் சின்ன மருமகள் குண்டூசி. ஒல்லியாக இருப்பாள், குத்திக் குத்திப் பேசுவாள். இன்று உடம்பு கடப்பாரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பேர் மட்டும் குண்டூசியாகவே தங்கிவிட்டது.

“மறுபடியும் எடுக்கப் போறாங்களாமே? பேப்பர்ல போட்டிருந்தான்,” என்றார் வங்கிக்காரர். “நடிக்கிறீங்கதானே? நீங்க இல்லாம என்னங்க ஒன்பது சாவி?”

“முதல்ல நீங்க அந்தக் கடைசி வரியைப் படிங்க,” என்றாள் அவள்.

அதே கேள்விதான் ஒரு வாரமாக அவள் வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. தொடரில் அவளுக்குக் கணவனாக நடித்தவர்தான் நிஜத்திலும் அவள் கணவர். தொடர் முடிந்த பிறகு அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாய்ப்பு வரவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து, கல்லூரிப் பெண்களையும் ஓய்வு பெற்றவர்களையும் சாலைக்கு அனுப்பி வைப்பார். யாராவது, “நீங்க குண்டூசி புருஷன்தானே?” என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு அவர்களுக்குக் கால் மணி நேரம் கூடுதல் வகுப்பு.

“மூணு பேர்தான் மிச்சம்,” என்றார் கணவர். “நான், நீ, மாமியாரா நடிச்ச அம்மா. அந்த அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. நானும் போட்டாச்சு. மாமனாருக்கு போட்டோ மாட்டிடறாங்களாம். நீதான் பாக்கி.”

“அப்பா, செத்துப்போனதுக்கு மேக்கப் போட்டு உக்கார வைக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு எதற்கும் கருத்து உண்டு. “நல்லா இருந்ததை நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு விட்டுட வேண்டியதுதானே?”

“உனக்கென்னடி தெரியும்? இருநூறு பேர் ஒண்ணாச் சிரிச்சு நீ கேட்டிருக்கியா? தரை அதிரும். சாகறதுக்குள்ள அதை இன்னொரு தடவை கேக்கணும் எனக்கு.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்த மனைவிக்கு, மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த மனிதர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஆறாவது மாடியில் வீடு. அவள் லிஃப்டில் ஏறமாட்டாள் என்பதற்காக அவரும் ஏறுவதில்லை. காய்கறிப் பையும் கேஸ் அடுப்பும் ஒருமுறை முழு மெத்தையுமாக அவளோடு படியேறியிருக்கிறார். அவள் குளிக்கப் போனால் கதவைச் சாத்தமாட்டாள். ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். வெளியே அவர் நிற்பார். பாதிக் குளியலில் அவள், “இருக்கீங்களா?” என்பாள். “இருக்கேன்,” என்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அந்தப் பதில் தவறியதில்லை.

எல்லாம் அந்த ஒரு காட்சியிலிருந்து வந்த வினை.

சாவி தேடிக் குண்டூசி சாமான் அறைக்குள் போகிறாள், கதவு மூடிக்கொள்கிறது, மூன்று முறை தட்டுகிறாள், கணவன் திறக்கிறான். எழுதியிருந்தது அவ்வளவுதான். மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு பலகைப் பெட்டி, மேலேயும் பலகை. அவள் மூன்று முறை தட்டினாள். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். இருட்டு, புதுப் பெயின்ட் நாற்றம், மூச்சு உள்ளே போகவில்லை. “யாராச்சும் இருக்கீங்களா?” என்றாள். அது வசனத்தில் இல்லை. வெளியே சிரிப்பு. அவள் கையால் அடித்தாள், காலால் உதைத்தாள், அழுதாள். வெளியே சிரிப்பு இன்னும் ஏறியது. கடைசியில் கதவு திறந்து, அவள் வெளியே விழுந்து, அவர் கையில் விழுந்தாள். “தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு, நான்தான் இழுத்து உடைச்சேன்,” என்று காதருகே சொன்னார். அந்தக் கையை விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆறாவது மாதம் கல்யாணம்.

என்ன நடிப்பு என்று ஊரே கொண்டாடியது. அது நடிப்பில்லை என்று அவரைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. பிறகு மூடிய அறைக் காட்சி எதிலும் நடிக்கவில்லை. ஆனால் தலைப்புப் பாட்டில் வாரா வாரம் அதையே போட்டார்கள். இப்போது கைபேசிக்குக் கைபேசி அது தாவுகிறது. ஊரார் பார்வையில் அவள் அந்தப் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

சனிக்கிழமை காலை இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். “வந்து வீட்டை மட்டும் பாரு. பிடிக்கலைன்னா போட வேண்டாம்,” என்றிருந்தார் கணவர். ஆனால் புதுச் சட்டை போட்டிருந்தார்.

பழைய வீட்டை அப்படியே எழுப்பியிருந்தார்கள். அதே மஞ்சள் சுவர், அதே மூன்று கால் நாற்காலி, சுவரில் மாமனார் போட்டோ. இயக்குநர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். பழைய ஆட்கள் அவரை ‘அடங்கட்டும் அண்ணன்’ என்பார்கள். அவர் வைத்த சட்டம் அப்படி: மக்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது எவனும் குறுக்கே போகக் கூடாது. வசனம் பேசக் கூடாது, நகரக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். சிரிப்பு அடங்கட்டும், பிறகுதான் அடுத்த வேலை.

“வா தங்கச்சி! இந்த வீடு உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. முதல் எபிசோடே சாமான் ரூம்தான். நீ தட்டறே, ஜனங்க எழுந்து நின்னு கை தட்டறாங்க. பேனா வேணுமா?”

“கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வரேன் அண்ணே.”

சாமான் அறை இடது மூலையில் இருந்தது. கதவுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். பழைய தச்சர் அங்கே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கீங்களாம்மா? போட்டோ வெச்சு அளவெடுத்தேன். ஒரு நூல் மாறலை.”

“இந்தத் தடவையாவது தாழ்ப்பாள் மாட்டிக்காம இருக்குமா?” சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

“தாழ்ப்பாளா?” தச்சர் எழுந்து, கதவிலிருந்த பித்தளைத் தாழ்ப்பாளை விரல் நகத்தால் தட்டினார். “இது பொம்மைம்மா. ஆணி அடிச்சு ஒட்டினது. அப்பவும் இதேதான். என் கையால செஞ்சது, எனக்குத் தெரியாதா? மேடை சரிவுல இந்தக் கதவு தானாத் திறந்துக்கும். வெளியில ஆள் கால் வெச்சுப் பிடிச்சாத்தான் மூடி நிக்கும். கால் கேமராவுல தெரியாது.”

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

அவள் கதவைச் சாத்தினாள். கையை எடுத்ததும் அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்தது. குழந்தை தள்ளினால்கூடத் திறந்திருக்கும் கதவு.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். “இங்க கொஞ்சம் வாங்க.”

கணவர் சிரித்த முகமாக வந்தார்.

“கதவு நிக்க மாட்டேங்குது. நான் உள்ள போறேன். நீங்க கால் வெச்சுப் பிடிங்க.”

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. “எதுக்கு இப்ப?”

“ஒத்திகை. ஒரே ஒரு செகண்ட் பிடிங்க.”

“வேணாம்மா.”

“அன்னிக்குப் பிடிச்சீங்களே.”

அவர் தன் வலது காலைப் பார்த்தார். ஏதோ அதுதான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

“மூணாவது தட்டுக்குத் திறக்கத்தான் போனேன்,” என்றார் மெதுவாக. “அதுக்குள்ள சிரிப்பு வந்துடுச்சு. அண்ணன் கையைக் காட்டினார்.”

“எவ்வளவு நேரம் தெரியுமா?”

“முப்பது செகண்ட் இருக்கும்.”

“நாப்பத்தி மூணு. எத்தனை தடவை போட்டிருக்காங்க, எண்ணாம இருப்பேனா?”

பேச்சு நடப்பதைப் பார்த்து இயக்குநர் ஒப்பந்தத்தோடு வந்து, அவள் கையில் பேனாவைத் திணித்தார். “என்ன, பழைய கதையா? அந்த நாப்பத்தி மூணு செகண்ட்தான் தங்கச்சி மொத்தத் தொடரே! இவன் கதவை விட்டிருந்தான்னா எல்லாம் போச்சு. நான் அடங்கட்டும்னு கை காட்டினேன், சிங்கம் மாதிரி நின்னான்.”

“நான் உள்ள அழுதேன் அண்ணே.”

“அழுதியா?” அவர் நிஜமாகவே திகைத்தார். “இருநூறு பேர் சிரிப்புல எனக்கு எதுவும் கேக்கலையேம்மா.”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் கதவுக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கும் அவ்வளவு தூரம்தான். நடுவில் ஒரு பலகை.

“உங்களுக்கு?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொன்னவர்தானே.

“கேட்டுது,” என்றார்.

அவள் பேனாவை இயக்குநரின் சட்டைப் பையில் திருப்பிச் செருகினாள். “குண்டூசி செத்துட்டான்னு எழுதிக்கங்க அண்ணே. மாமனார் பக்கத்துல எனக்கும் ஒரு போட்டோ மாட்டிடுங்க.”

“விளையாடாதே தங்கச்சி! நீ இல்லைன்னா இது வெறும் கதவும் சுவரும்தான். டேய், நீயாவது சொல்லேன்டா!”

கணவர் அந்த மஞ்சள் சுவரையும், பார்வையாளர் உட்காரும் காலி நாற்காலி வரிசைகளையும் ஒருமுறை பார்த்தார். “வேணாம் அண்ணே,” என்றார். “அவளைக் கேக்காதீங்க.”

வீட்டுக்குத் திரும்பினார்கள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் அவள் படியேறினாள். அவர் இரண்டு படி தள்ளிப் பின்னால் வந்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டு, எனக்கு வாய்த்த மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று பெருமைப்பட்டிருக்கிறாள். இது அன்பா, அபராதமா என்று இன்றைக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றாள். அவரும் இரண்டு படி கீழேயே நின்றார். லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு பக்கத்தில் கடகடவென்று போனது.

மகள்தான் கதவைத் திறந்தாள். “என்னாச்சு? வருதா, வரலையா?”

“வரலை,” என்றார் கணவர்.

“அப்பாடா!” என்று ஆரம்பித்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, “நான் டீ போடறேன்,” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். இன்றைக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும் என்றுதான் போனாள். பாதி தள்ளியதும் பெயின்ட் நாற்றம் எங்கிருந்தோ வந்தது. கை நின்றுவிட்டது. ஒரு கை நுழையும் இடைவெளி, வழக்கம்போல. உண்மை தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது?

தண்ணீரைத் திறந்துவிட்டாள். பாதிக் குளியல் வந்தது. கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்க மாட்டேன், இன்றைக்குக் கேட்கவே மாட்டேன்.

தண்ணீர் ஓடியது. இந்த வீட்டில் அந்த அறையில் இவ்வளவு நீளமான மௌனம் இருந்ததில்லை. சுவர்கள் ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது.

“இருக்கேன்,” என்றது வெளியிலிருந்து ஒரு குரல். கேட்காமலே. கொஞ்சம் உடைந்திருந்தது.

அவள் குழாயை மூடினாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“காலு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

வெளியே துணி சரசரத்தது. குனிந்து பார்க்கிறார் போலிருக்கிறது.

“செருப்பு ஸ்டாண்டுகிட்ட. கதவுக்கு நாலடி தள்ளி.”

“அங்கேயே இருக்கட்டும்,” என்றாள். குழாயைத் திறந்தாள்.