மீசை வைத்த கைக்குழந்தை

1

இக்கதை என் உள்ளத்தில் தானாகத் தோன்றியதன்று, கேட்டு வாங்கப்பட்டது. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் நலத்துறை அலுவலர் பிரபாகர் என்னிடம் தமிழ் பயின்றவர். சென்ற மாதம் வீடு தேடி வந்தார்.

"ஐயா, புதுசாக் கொழந்தை பொறந்தவங்களுக்குக் கம்பெனி இன்சூரன்ஸப் பத்தி ஒரு கதை வேணுங்க. நோட்டீஸ் ஒட்டுனா ஒருத்தரும் படிக்கறதில்லீங்க."

"அதில் என்ன சொல்ல வேண்டும்?"

"கொழந்தை தானா இன்சூரன்ஸ்ல சேராதுங்க. பொறந்த உடனே எங்ககிட்டச் சொல்லோணும். போட்டோ குடுத்தாத்தான் கார்டுல ஏறும். அவ்வளவுதானுங்க. அப்புறம், கதையில யாருக்கும் நோவு வரக்கூடாதுங்க. பனியன் வாங்கற வெளிநாட்டு பையருங்க வர்ற நேரம்."

நோயே வராத மருத்துவக் காப்பீட்டுக் கதையை எங்ஙனம் எழுதுவது என்பதை நான் இன்றளவும் அறியேன். எனினும் ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆதவன் எழுந்தான். கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக'

நீக்கிவிட்டேன். வேன் வரும் வேளையில் எங்கள் ஊரில் ஆதவன் எழுந்திருப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'அன்பார்ந்த பெற்றோர்களே! தங்கள் மழலைச் செல்வத்தின்'

இது நோட்டீஸ்.

மூன்றாம் தொடக்கம்: 'தையல்காரன் வீரணன் மிஷினில் அமர்ந்திருந்தபோது அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.' இது நிற்கட்டும். ஆனால் இதில் தாயைக் காணோம். ஆகவே நாகஜோதியைச் சேர்க்கிறேன். அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். இருவரும் உசிலம்பட்டிப் பக்கத்தவர்.

சேர்த்த கணமே அவள் கதையைக் கெடுத்தாள்.

"எம்புள்ளைய எவனும் போட்டோ எடுக்கக் கூடாது. கொலசாமி கோயில்ல மொட்ட போடுற வரைக்கும் கேமரா பக்கத்துலயே வரப்படாது. சொல்லிட்டேன்."

சொன்னபடி நடக்கும் முன்மாதிரித் தாயாக அவளை ஆக்கலாமா என எண்ணினேன். இரண்டு பக்கங்கள் முயன்றேன், அவள் அசையவில்லை. (காரணம் பின்னர்த் தெரிந்தது. மூத்த குழந்தையை மருத்துவமனையிலேயே படம் எடுத்தார்கள். இப்போது அந்தப் படம் மட்டும் இருக்கிறது. பிரபாகர் இவ்வரியை நீக்கச் சொல்வார். ஆதலின் அடைப்புக்குறிக்குள் வைத்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை அவர் படிப்பதில்லை.)

3

வீரணன் கடைவீதியில் இருக்கும் சந்தனத்தின் ஸ்டுடியோவிற்குப் போனான்.

"அண்ணே, புள்ள போட்டோ ஒண்ணு வேணும்."

"கொழந்தையக் கொண்டாங்க, எடுத்தரலாம்."

"புள்ளைய எடுக்கப்படாதுண்ணே. போட்டோ மட்டும் போதும்."

சந்தனம் வியப்படையவில்லை. "தெக்கத்திக்காரங்க அத்தன பேரும் இதத்தானுங்க கேக்கறீங்க" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அளவாக வெட்டிய படங்கள் அடுக்காக இருந்தன. யாவும் ஒரே படம்: கொண்டையில் பூச்சூடி*, நிமிர்ந்து அமர்ந்து, இரண்டு பற்கள் தெரியச் சிரிக்கும் குழந்தை. இடக் கன்னத்தில் மச்சம்.

"யாரு புள்ளண்ணே இது?"

"நாந்தானுங்க."

*ஆண் குழந்தைக்கும் பூச்சூட்டிப் படமெடுப்பது நம்மவர் வழக்கம். ஆகவே பெண் குழந்தைக்கு இது பொருந்தும் என்று வீரணன் மனம் நிறைந்தான்.

அலுவலகத்தில் படத்தை வாங்கி, 'நாகஜோதியின் குழந்தை' என்று எழுதி, கார்டில் ஒட்டினார்கள். அந்தத் தையல் வரிசையில் வேலை செய்வோரின் குழந்தைகள் பலவும் சந்தனத்தின் முகத்தோடுதான் காப்பீட்டில் இருந்தன. ஒட்டுகிறவர்கள் பசையைப் பார்ப்பார்களேயன்றி முகத்தைப் பார்ப்பதில்லை.

4

பிரபாகர் பொறுத்தருள்க. குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

தனியார் மருத்துவமனையில், கண்களை வெள்ளைத் துணியால் கட்டி, நீல விளக்கின்கீழ்க் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தினார்கள். கவுண்டரில் இருந்த அன்புசெல்வி கார்டைப் பார்த்தாள், வீரணனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பொறந்து ஒரு வாரந்தானே ஆகுது? போட்டோவுல உக்காந்துட்டிருக்குது. பல்லு வேற இருக்குது."

"எங்க வம்சத்துல பல்லு வெரசா மொளச்சிரும்மா."

"மச்சமும் உதுந்துருங்களா? போட்டோவுல இருக்கற ஆளக் கொண்டாங்க. இல்லீன்னா இன்சூரன்ஸ் ஆகாதுங்க. சாயங்காலம் வேற பக்கம் எடுத்துட்டுப் போயிருங்க."

விளக்கை விட்டு எடுத்தால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். வீரணன் ஓடினான். அன்புசெல்வி கேட்டபடியே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினான்: முறுக்கு மீசை, கழுத்தில் கேமரா.

"நாந்தானுங்க அந்தக் கொழந்தை" என்றார் சந்தனம்.

அவள் படத்தையும் மச்சத்தையும் ஒப்பிட்டாள். "கொஞ்சம் சிரிங்க." சிரித்தார். "சரியாத்தானுங்க இருக்குது. கார்டுப்படி நீங்க நாகஜோதியம்மாவோட பொண்ணு. உங்களுக்குன்னா அட்மிஷன் போட்டரலாம். கொழந்தைங்க வார்டுல பெட்டு காலியா இருக்குது."

"எனக்கு ஒரு நோவும் இல்லியே, கண்ணு."

"அத டாக்டர் சொல்லோணுங்க."

5

முடிவு (அ): பிரபாகர் விரைந்து வந்து யாவற்றையும் சரிசெய்கிறார். அவருக்கு மிகவும் பிடித்த முடிவு இதுவே. ஆயின் அவர் அப்போது பையரோடு இருந்தார், செல்போனை எடுக்கவில்லை.

முடிவு (ஆ): குலதெய்வம் அன்புசெல்வியின் மீது இறங்கி

வேண்டாம். எழுதவே கூசுகிறது.

முடிவு (இ) எழுதத் தொடங்குமுன், நான் அழையாமலே நாகஜோதி வார்டிலிருந்து வெளியே வந்தாள்.

"கேமராக்கார அண்ணே, உள்ள வாங்க."

"ஏய், நீதானடி கூடாதுன்ன?" என்றான் வீரணன்.

"அதுக்குத்தான் கண்ணக் கட்டியிருக்குல்ல? புள்ள பாக்காம எடுத்தா அது போட்டோவே இல்ல. கொலசாமிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாய மூடிட்டு வா."

கண்ணாடி வழியே சந்தனம் ஒரே ஒரு படம் எடுத்தார். ஸ்டுடியோவிற்குச் சென்று, மாலைக்குள் அச்சிட்டு வந்தார். நீல உடம்பு, இறுக மூடிய கை, பாதி முகத்தை மறைத்த வெள்ளைத் துணி.

அன்புசெல்வி நெடுநேரம் பார்த்தாள். "கொழந்தை இதுதானுங்க, எனக்கே தெரியுது. ஆனா மொகம் முழுசாத் தெரியோணும்னு ரூலுங்க. அந்தத் துணிய எடுக்க முடியாதுங்களா?"

"வெளக்குக்கு அடியில கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு ஒங்க டாக்டருதான் சொன்னாரு" என்றாள் நாகஜோதி. "டாக்டரு எடுக்கச் சொன்னாலும் நா எடுக்க விட மாட்டேன்."

6

இதுவரை படித்த பிரபாகர், "முடிவு எங்கீங்க ஐயா?" என்று கேட்கிறார்.

வாசகரே, தங்கள் இல்லத்தில் குழந்தை பிறந்திருப்பின், அதைத் தாங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் இன்றே தெரிவித்துவிடுங்கள். சொல்ல வேண்டிய செய்தி அவ்வளவே, சொல்லிவிட்டேன். என் வேலை முடிந்தது.

அன்புசெல்வி தேநீர் அருந்தச் சென்றிருக்கிறாள். தாங்கள் அவள் நாற்காலியில் அமருங்கள். மேசைமீது இரண்டு படங்கள் உள்ளன. ஒன்றில் முகம் முழுமையாகத் தெரிகிறது, அது குழந்தையினுடையதன்று. மற்றொன்றில் குழந்தை இருக்கிறது. முகம் பாதிதான் தெரிகிறது. ரப்பர் முத்திரை தங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறது.

கவுண்டர்க் கம்பிக்கு அப்பால் நாகஜோதி நிற்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.